பேர் உண்டு, பதிவு இல்லை

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் தெருவோரம் படுத்திருக்கும் ஒரு நாயைக் காட்டி, ‘இது யார் வீட்டு நாய்?’ என்று கேட்டால் நேரான பதில் கிடைப்பது கடினம். அதற்குப் பேர் இருக்கும், மணி என்றோ கருப்பன் என்றோ. காலையில் ஒரு வீட்டில் பழைய சோறு, பத்து மணிக்கு டீக்கடையில் பிஸ்கெட், ராத்திரி வேறொரு வீட்டுத் திண்ணையில் தூக்கம். தெருவே கூப்பிட்டால் வாலாட்டும். அதே நாய் ஒரு பிள்ளையின் காலைக் கவ்விவிட்டால் மட்டும், ‘அது எங்க நாய் இல்லீங்க, சும்மா இங்க சுத்துது’ என்று எல்லா வீடும் சொல்லும்.

நாய்க்கடி பற்றிய நம் சச்சரவு முழுவதும் இந்த இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. சட்டம் நாய்களை இரண்டாகப் பிரிக்கிறது. வீட்டு நாய்க்கு ஊசி போடுவதும் குட்டி பெருகாமல் பார்ப்பதும் வளர்ப்பவர் கடமை. தெரு நாய்க்கு உள்ளாட்சி பொறுப்பு. 2001-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே இந்தப் பிரிவைச் செய்து, லைசென்ஸ் எடுப்பதையும் வளர்ப்பவர் கடமைகளில் சேர்த்திருந்தன. 2023 மார்ச்சில் வந்த புதிய விதிகளிலும் அதே பிரிவு தொடர்கிறது. ஆனால் நம் மணியும் கருப்பனும் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. வளர்ப்பவர் இல்லாததால் வீட்டுக் கணக்கில் சேராது. நாய் பிடிக்கிற வண்டி வந்தால், ‘அது நம்ம நாய், விடுங்க’ என்று தெருவே குறுக்கே நிற்பதால் தெருக் கணக்கிலும் வராது. ஊசி இல்லாமல், கருத்தடை இல்லாமல் காலம் தள்ளும்.

லைசென்ஸ் என்றதும் இன்னொரு வரி வந்துவிட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். பிரான்சில் 1855-இல் சட்டம் போட்டு நாய்க்கு வரி வசூலித்தார்கள், 1971 வரை அது இருந்தது. இங்கே கேட்கப்படுவது வேறு. சென்னை மாநகராட்சியில் ஆண்டுக்கு 50 ரூபாய் கட்டணம். முக்கியமாகக் கேட்பது, ரேபிஸ் தடுப்பூசி போட்ட சான்று. எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை நாய், கடைசி ஊசி எப்போது என்பது தெரிந்தால்தான் மீதியை எங்கே தேடுவது என்று சுகாதாரப் பிரிவுக்குப் புரியும்.

சென்னையிலும் இது சும்மா நடந்துவிடவில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய பிறகுதான் லைசென்ஸுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. 2025 இறுதியில், லைசென்ஸ் இல்லாமல் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. அபராதம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அது விலை கொடுத்து வாங்கிய ஜாதி நாய்களைத்தான் அதிகம் பதிவேட்டுக்குள் கொண்டுவரும். நாட்டு நாய்க்கு எதற்கு லைசென்ஸ் என்ற எண்ணம் அப்படியே இருக்கும்.

கருவடிக்குப்பத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாரதியார் நடமாடிய குயில் தோப்பும் குரு சித்தானந்த சுவாமிகள் கோயிலும் உள்ள இந்தப் பகுதியை ஒட்டி ஒரு புறம் லாஸ்பேட்டை, உழவர்கரை நகராட்சி; இன்னொரு புறம் முத்தியால்பேட்டை, புதுச்சேரி நகராட்சி. சற்றே வடக்கே போனால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைக்கோடு இன்றும் தெருக்களுக்கு நடுவே ஓடுகிறது. நல்ல நிலையில் இருக்கும் நாய் தன் தெருவை விட்டு அதிகம் போகாது. வெறிபிடித்த நாயோ தன் இடத்தை மறந்து மைல் கணக்கில் ஓடும், வழியில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். ஒரு நகராட்சி மட்டும் ஒழுங்காக ஊசி போட்டு, பக்கத்து உள்ளாட்சி சும்மா இருந்தால் பாதி வேலை வீண். மூன்று உள்ளாட்சிகளும் ஒரே வாரத்தில் முகாம் போடுவதற்கு என்ன தடை?

ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தொடர்ந்து தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோவாவில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வலையோடும் கைப்பேசிச் செயலியோடும் தெருத் தெருவாகப் போய், ஊசி போட்ட ஒவ்வொரு நாயையும் குறித்துக்கொண்டார்கள். ஆண்டுதோறும் திரும்பவும் போனார்கள். ரேபிஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்த மாநிலம் என்று 2021-இல் கோவா அறிவிக்க முடிந்தது அதனால்தான்.

கருத்தடையில் தமிழகத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே அதைத் தொடங்கிவிட்டது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆனது. பிடித்து, அறுவை செய்து, ஊசி போட்டு, காது நுனியில் சிறு வெட்டு வைத்து, பிடித்த தெருவிலேயே விடவேண்டும். ‘கொண்டுபோனதை ஏன் திரும்பக் கொண்டாந்து விடுறீங்க?’ என்று ஜனங்கள் சண்டைக்கு வருவது எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் காலியான இடம் காலியாகவே இருக்காது. குப்பையும் கறிக்கடைக் கழிவும் இருக்கும்வரை வேறு நாய் வரும், அதற்கு ஊசி போட்டிருக்காது. 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம், வெறிபிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிப்பவற்றை மட்டும் அங்கேயே விடாமல் காப்பகத்துக்கு அனுப்பச் சொன்னது. காப்பகம் கட்டாமல் இந்த உத்தரவை நிறைவேற்ற வழியில்லை.

இதற்கிடையில் கடி நடந்துகொண்டுதான் இருக்கிறது. வெறிநாய் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். திட்டு விழும் என்று பயந்து கடியை வீட்டில் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: நாய் பிராண்டினாலும் சொல்லிவிடு, யாரும் அடிக்கமாட்டோம். காயத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே ஜிப்மருக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பழைய பயம் இன்னும் ஆட்களைத் தயங்க வைக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தின் தயாரிப்பை இந்தியா 2004-லேயே நிறுத்திவிட்டது. இப்போது கையில், தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாட்கள் என்று நான்கு தவணை. காயம் ரத்தம் வரும் அளவுக்கு இருந்தால் அதோடு இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். நோய்க்குறி தெரிந்த பிறகு பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியை வைத்திருக்கும் ஊர் நம்முடையது. மருத்துவர்களும் மாணவர்களும் பக்கத்தில் இருக்கிறார்கள். பள்ளி மைதானத்திலோ கோயில் திடலிலோ ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டு, ஊசியையும் பதிவையும் ஒரே மேசையில் முடிக்கலாம். அந்தப் பதிவேட்டில் ‘உரிமையாளர்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘சோறு வைப்பவர்’ என்று இன்னொரு கட்டம் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. மணியைக் கூப்பிட்டால் வருவது அவரிடம்தான். அடுத்த ஆண்டு ஊசிக்கு அதைப் பிடித்துத் தரக்கூடியவரும், அது குட்டி போட்டாலோ நோய்ப்பட்டாலோ முதலில் அறிபவரும் அவரே. கையெழுத்துப் போட்டால் நாளைக்கு நஷ்டஈட்டு வழக்கு நம் தலையில் விழுமோ என்ற பயத்தில்தான் அவர் ஒதுங்குகிறார். அப்படி விழாது என்று நகராட்சி எழுத்தில் தரவேண்டும், கட்டணமும் வாங்கக் கூடாது. அடுத்த தடுப்பூசி முகாமுக்கு முன் அந்தப் படிவத்தை அச்சடித்துவிடலாம்.