குழந்தை இன்னும் பேசவில்லையா? வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்



"பையனுக்கு ரெண்டரை வயசாச்சு சார். இன்னும் அம்மான்னு ஒரு வார்த்தை வரல. மாமியாரைக் கேட்டா, அவன் அப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான், சும்மா இருங்கிறாங்க." கிராமத்துக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பேச்சு என் காதில் விழுகிறது. நாக்கில் வசம்பு தேய்த்தாயிற்று, கோயிலுக்கு நேர்ந்துகொண்டாயிற்று என்பார்கள். வசம்பால் பேச்சு வராது. சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. கும்பிட்ட கையோடு ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு தாய் தன் பெண் குழந்தையை என்னிடம் காட்டி இதே கேள்வியைக் கேட்டாள். நான் கதவை ஓங்கித் தட்டினேன். குழந்தை திரும்பிப் பார்த்தது. "காது நல்லாத்தான் கேக்குது, கொஞ்சம் பொறும்மா" என்று அனுப்பிவிட்டேன். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுதான் முறையாகச் சோதித்தார்கள். பேச்சுச் சத்தம் அந்தக் குழந்தைக்குக் கேட்கவே இல்லை. கதவு அதிர்ந்ததை உடம்பால் உணர்ந்துதான் அன்று திரும்பியிருக்கிறாள். மூன்று வருஷம் வீணாகப் போயிற்று, அதில் என் பங்கும் உண்டு. கைதட்டியும் கதவைத் தட்டியும் காதைச் சோதித்துவிட்டோம் என்று நீங்களும் இருந்துவிடாதீர்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்பாத குழந்தை, ஒன்பது மாதத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்காத, பிடித்து உட்காரவைத்தும் உட்கார முடியாத குழந்தை, ஒன்றரை வயதில் ஒரு வார்த்தையும் சொல்லாத, விரலை நீட்டி எதையும் காட்டாத குழந்தை, இரண்டு வயதில் "பால் வேணும்", "அப்பா வா" என்று இரண்டு வார்த்தை சேர்க்காத குழந்தை, இவர்களைக் காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்திவிட்டால் ஒரு வாரம்கூடப் பொறுக்கக் கூடாது. ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்று சொல்லித் தள்ளிப்போட வேண்டாம்.

எங்கே காட்டுவது? 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில், ஒரு மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவையும் அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வந்து குழந்தைகளைப் பார்க்கிறது. குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். குழு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கிராம சுகாதார நர்ஸிடமோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ சொன்னால் சீட்டு எழுதித் தருவார்கள். அங்கே சிகிச்சைக்குக் காசு கிடையாது.

முதலில் காதைத்தான் பார்ப்பார்கள். குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை. தூங்கும்போதே கருவி வைத்துச் சோதிக்கலாம். ஊசி, வலி ஒன்றும் இல்லை. பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் கருவி பொருத்திப் பயிற்சி தொடங்குவது நல்லது. கருவியாலும் பலனில்லை என்றால் காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவிக்கு ஆபரேஷன் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள். வயது தாண்டிவிட்டால் காப்பீடு ஒரு கவலை. அதைவிடப் பெரிது, பேச்சைக் கற்கும் இளம் பருவம் கைவிட்டுப் போய்விடும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். இதற்குப் படுக்கையில் சேர்க்க மாட்டார்கள். வெளிநோயாளிச் சீட்டு எடுத்து, முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம். "இதுக்கா ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்தோம்? பந்தை உருட்டி விளையாடுறாங்க, அவ்வளவுதானே" என்று ஒரு தகப்பனார் கோபித்துக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பந்தை உருட்டிவிட்டு, குழந்தை கண்ணைப் பார்க்கும்வரை காத்திருந்து, "பந்து" என்று சொல்லித் தருவதுதான் சிகிச்சை என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. வாரம் ஒரு தடவை அங்கே செய்வது உங்களுக்குக் கற்றுத் தருவதற்காக. மற்ற ஆறு நாளும் தெரபிஸ்ட் நீங்கள்தான். ஆகவே உள்ளே கூடவே இருங்கள், பிள்ளையை விட்டுவிட்டு வெளியே டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

வீட்டில் என்ன செய்வது? குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்து பேசுங்கள். குளிப்பாட்டும்போது, "தண்ணி ஊத்தறேன், கால் தேய்க்கிறேன்" என்று செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "தண்ணி" என்று அது சொன்னால், "தண்ணி வேணுமா, இந்தா தண்ணி" என்று ஒரு படி நீட்டிச் சொல்லுங்கள். கேள்வி கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணும்வரை பொறுங்கள். நம் வீடுகளில் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம்! "சொல்லு, சொல்லு" என்று அடித்து மிரட்டினால் வருகிற சொல்லும் உள்ளே போய்விடும். ஜாடை காட்டினாலும் படம் காட்டினாலும் பேச்சு கெட்டுப்போகாது. அது பேச்சுக்கு ஏணி. செல்போனைக் கையில் கொடுத்துச் சோறு ஊட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரம் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

இன்னொரு பயிற்சி ஆக்குபேஷனல் தெரபி. இதைத் தொழில் சிகிச்சை என்று யாரோ தமிழில் சொல்லப்போய், "மூணு வயசுப் பிள்ளைக்கு என்ன தொழில் சார்?" என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டார்கள். சாப்பிடுவது, சட்டை மாட்டுவது, விளையாடுவது, இதுதான் பிள்ளையின் தொழில் பாட்டி என்றேன். கை பிடிமானம் இல்லாத குழந்தைக்குக் கரண்டிக் காம்பில் துணியைத் தடிமனாகச் சுற்றிக் கொடுங்கள். சப்பாத்தி மாவைப் பிசைய விடுங்கள், பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். புளியங்கொட்டை, பாசிமணி வேண்டாம், தொண்டையில் சிக்கும். கை கால் விறைத்திருக்கும் குழந்தைக்குப் படுக்கவைத்து ஊட்டவே கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போகும். முதுகுக்கு அணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, சிறு வாயாக ஊட்டுங்கள்.

மாமியார், நாத்தனார் எல்லாரும் "உன் வயித்துல பிறந்தது" என்று மருமகளைக் குத்திக்காட்டுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். புருஷன்காரர் அப்போது வாயைத் திறக்க வேண்டும். தாய் செய்த தப்பால் வந்தது அல்ல இது. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களுக்குப் பிறவிக் காது கேளாமை சற்று அதிகம் வருகிறது. அப்படிப் பார்த்தாலும் பங்கு இருவருக்கும்தான். அடுத்த குழந்தைக்கு முன் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

பஸ் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் சாதாரண டவுன் பஸ்ஸில் குழந்தைக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. பெண்களுக்கு 2021 முதலே இல்லை. அட்டைக்கு வேண்டிய டாக்டர் சான்றையும் பயிற்சிக்கு வரும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும்போது தடுப்பூசி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, ஆதார், குடும்ப அட்டை எடுத்து வாருங்கள். குழந்தைக்குப் பிடித்த விளையாட்டுச் சாமான் ஒன்றும் கூடவே வரட்டும். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் இருக்கிற பிள்ளை ஒன்றும் செய்யாது. சோறு கட்டிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிடுங்கள்.