மையிருளில் ஒரு செம்பு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய வீட்டுச் சாமான்களை வாங்கி விற்கும் கடையொன்றில் ஒரு பித்தளைச் செம்பைக் கையில் எடுத்தேன். கடைக்காரர் புளி போட்டுத் துலக்கி அதைப் பளபளவென்று வைத்திருந்தார். ஆயினும் கழுத்தோரமாகப் புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்த குடும்ப விலாசம், அந்த நுண்ணிய குழிகளில் மட்டும் அழுக்குத் தங்கிவிட்டமையால், மை தொட்டு எழுதியதுபோல் கறுப்பாகத் தெரிந்தது. உலோகத்தில் பள்ளம் செய்து, பள்ளத்தில் மையை நிறுத்தி, மேட்டைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்துகின்ற செப்புத்தகட்டுச் சித்திரக் கலைக்கு ஆதாரமான தத்துவம் அவ்வளவுதான்.

அக்கலையில் மெஸோடிண்ட் ஒரு விசித்திரமான பிரிவு. ஏனைய முறைகளில் வெறுந்தகட்டில் கோடு கீறிக் கருமையைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். இதிலோ தகடு முழுவதையும் முதலில் இருட்டாக்கிவிட்டு, பிறகு வேண்டிய இடத்தில் வெளிச்சத்தை வரவழைக்கிறார்கள். வளைந்த விளிம்பில் நுண்பற்கள் நிறைந்த ராக்கர் என்னும் எஃகுக் கருவியைத் தொட்டில்போல் ஆட்டி ஆட்டி, நெடுக்காகவும் குறுக்காகவும் மூலைவாட்டமாகவும் தகட்டின்மேல் பலமுறை நடத்துவார்கள். வழவழத்துப்போன அம்மியைக் கொத்திச் சொரசொரப்பாக்குவதற்கு ஒப்பான வேலை; ஆனால் அம்மி கொத்துகிறவர் அரைமணியில் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார், இவருக்கோ நாட்கணக்கில் ஆகும். அந்நிலையில் அச்சிட்டால் வெல்வெட்டுப் போன்ற கருமை ஒன்றே காகிதத்தில் விழும். அதன்பின் சுரண்டியால் பிசிரைச் சீவி, மெருகுக்கோலால் தேய்க்கத் தேய்க்க, மை பிடிப்பது குறைந்து, கருமை சாம்பலாகி, சாம்பல் வெண்மையாகிறது.

லுட்விக் ஃபான் ஸீகன் என்ற ஜெர்மானியர் 1642இல் தொடங்கிவைத்த இம்முறை, அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்களின் தைலவர்ணப் படங்களைப் பிரதி செய்வதற்கே பெரிதும் பயன்பட்டு, புகைப்படம் வந்ததும் ஒதுங்கியது. ஜப்பானில் சோயா சாறு வணிகக் குடும்பமொன்றில் 1909இல் பிறந்து, வியாபாரத்தை விட்டுப் பாரிஸில் குடியேறிய யோஸோ ஹமகுச்சி, பிரபுக்கள் வீற்றிருந்த அந்தக் கருமையில் இரண்டு செர்ரிப் பழங்களை வைத்தார். நிறத்துக்கொரு தகடாக ஒன்றன்மேல் ஒன்று அச்சிட்டு அவர் அடைந்த சிவப்பு, இருட்டுக்குள்ளிருந்தே கனிவதுபோல் தோன்றும்.

நம் வளவுகளில் தொங்கும் ரவிவர்மா படங்கள், 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழிவந்த கல்லச்சு. அவை வேறு குலம். எனினும், பட்டப்பகலிலும் மங்கியே கிடக்கும் நம் இரண்டாங்கட்டு அறைகளைப் பார்க்கும்போதெல்லாம், மெஸோடிண்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா என்று எனக்குத் தோன்றும். அந்தச் செம்பையே எழுதுவதானால், முதலில் தேய்க்கவேண்டியது வளவிலிருந்து வந்து அதன் தோளில் விழும் பிறைபோன்ற ஒளியை. விலாசப் புள்ளிகள்மேல் மட்டும் சுரண்டி படாமல் விட்டுவிட்டால், தகட்டில் முன்பே இருக்கும் குழிகள் அவற்றைக் கறுப்பாகக் காட்டிவிடும்.