பட்டினி போட்டால் பூக்கும் கொடி

வெளிநாட்டு விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தில், உறைபனிக் காலம் முடிந்ததும் விதைக்கச் சொல்லியிருப்பார்கள். கடலூர் முதுநகரில் உறைபனிக்கு எங்கே போவது? மார்கழிப் பனியாவது போகட்டும் என்று காத்திருந்து மாசியில் விதைத்தால், கொடி ஏறி மொட்டு வைக்கும்போது சித்திரை வந்துவிடும். கத்திரி வெயிலில் பூ விடிந்த சிறிது நேரத்திலேயே சுருண்டுபோகும். 'நம்ம ஊருக்கு இது சரிப்படாது' என்று கொடியைப் பிடுங்கிப் போட்டுவிடுவோம்.

உண்மையில் நர்சரிகளில் மார்னிங் குளோரி என்று விற்கும் இந்தக் கொடிக்கு நம் ஊர் மிகவும் சரிப்படும். வீட்டு வேலிக்கு வரும் வகைகளில் பெரும்பாலானவை வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. குளிர்நாட்டுக்காரர்கள் இதைத் தாஜா செய்து வளர்க்க வேண்டியிருக்கிறது. நாம் அடக்கி வளர்த்தால் போதும்.

இதன் உறவுக்காரர்கள் நமக்குப் புதியவர்களும் அல்ல. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வள்ளைக் கீரையும் இதே இனம். தேவனாம்பட்டினம் பக்கத்துக் கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்கிற அடம்பும் இதே இனம்தான். சங்கப் புலவர்கள் அதை அடும்பு என்றார்கள். அதன் பிளந்த இலையை மானின் குளம்புக்கு ஒப்பிட்டார்கள். 1753-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்த தாவரவியலாளர் லின்னேயஸுக்கு அதே இலை ஆட்டின் காலாகத் தெரிந்திருக்கிறது. இந்தக் கொடியை வளர்க்கும் முறையை அடம்பிடமே கற்றுக்கொள்ளலாம். எருவில்லாத மணல், உப்புக்காற்று, தண்ணீர் ஊற்ற ஆளில்லை, ஆனாலும் பூக்கிறது.

எந்தக் கொடி?

சிறிய வீட்டுக்கு மயில் மாணிக்கம் நல்லது. இலை சீப்புப் பல் போல மெலிந்திருக்கும், பூ சிவப்பு நட்சத்திரம். ஜன்னல் கம்பியில் நூல் கட்டிவிட்டாலே ஏறிக்கொள்ளும். தேன்சிட்டும் வரும்.

பெரிய நீலப் பூ வேண்டுமென்றால் 'ஹெவன்லி புளூ' போன்ற ரகங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மொட்டு செவ்வூதாவாக இருக்கும், விரிந்ததும் வான நீலமாகிவிடும். மொட்டு விரியும்போது இதழின் செல்சாற்றில் அமிலத்தன்மை குறைகிறது. பிஎச் அளவு 6.6-இலிருந்து 7.7-க்கு ஏறுகிறது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே மாதிரியான வேலைதான். வாடும்போது பூ மறுபடி இளஞ்சிவப்புக்குத் திரும்பும்.

சாயங்காலம்தான் வீட்டில் இருப்பீர்கள் என்றால், அந்திக்கு மலரும் பெரிய வெள்ளை வகை இருக்கிறது. முறுக்கிய மொட்டு கண்ணெதிரே விரியும், மணமும் உண்டு. சமுத்திரப்பச்சை நம் நாட்டுக் கொடியேயானாலும் வீட்டுக்கு வேண்டாம். இலை முறம் மாதிரி, கொடி மரத்தையே மூடும். இன்னொன்று: நீலமாக இருப்பதால் சங்குப்பூவையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது அவரைக் குடும்பம்.

எப்போது விதைப்பது?

ஆவணி கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் விதைத்துவிடுங்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் கொடி இடுப்புயரம் வந்துவிட வேண்டும். அடைமழையில் போட்ட விதை முளைக்குமுன் அழுகும். புரட்டாசியில் விதைத்தது கார்த்திகையிலிருந்து தை வரை பூக்கும். மார்கழியின் மந்தாரத்தில் ஒரே பூ நண்பகல் வரைகூட நிற்கும். பருவமழை ஓய்ந்த பின் தை பிறந்ததும் இரண்டாம் முறை விதைக்கலாம். பங்குனி வரை பூ கிடைக்கும்.

விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் நான்கு தேய்ப்பு தேய்த்து, இரவு முழுவதும் தண்ணீரில் போடுங்கள். காலையில் உப்பியிருப்பதை அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும். இருக்கும் இடத்திலேயே ஊன்றுவது நல்லது. வேர் அசைவதை இதற்குப் பிடிக்காது.

மண்ணும் தண்ணீரும்

முதுநகர் மணலில் தண்ணீர் நிற்காது. குழிக்கு ஒரு கூடை மக்கிய எருவும் தேங்காய் நார்க்கழிவும் போதும். சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணில் பிரச்சினை நேரெதிர்: மழையில் தண்ணீர் தேங்கும், வேர் அழுகும். அங்கே மணல் கலந்து மேட்டுப்பாத்தி போட வேண்டும். தொட்டி என்றால் ஓரடி ஆழத்துக்குக் குறையக் கூடாது.

அதோடு எருவை நிறுத்திவிடுங்கள். மாதாமாதம் யூரியாவோ சாணக் கரைசலோ கொடுத்தால் உள்ளங்கை அகலத்தில் இலை வரும், பூ வராது. தழைச்சத்து கூடினால் கொடிக்குப் பூக்கும் அவசரம் இருக்காது. 'நல்லாத்தான் செழிப்பா இருக்கு, ஆனா பூக்கலையே' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இன்னொரு காரணம் நிழல். தினமும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும்.

கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். அடம்பு தாங்கும் உப்பை இவை தாங்காது. மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள்.

விளக்கு வெளிச்சத்தையும் கவனியுங்கள். ஜப்பானியர் 'காலை முகம்' என்று பொருள்படும் அசகாவோ என்ற பெயரில் கொண்டாடும் வகையில் ஆராய்ந்து கண்டது இது: பூ விடியலைப் பார்த்து மலர்வதில்லை. முந்தின மாலை இருட்டியதிலிருந்து சுமார் 10 மணி நேரத்தை எண்ணி மலர்கிறது. வராந்தா விளக்கை நள்ளிரவு வரை எரியவிட்டால் கொடியின் கணக்குத் தப்பும்.

எதில் ஏற்றுவது?

பாகலுக்கும் புடலைக்கும் பற்றுச்சுருள் உண்டு. இதற்குக் கிடையாது; தண்டே சுற்றி ஏறும். அதனால் வழவழப்பான சுவரிலும் தடித்த தூணிலும் ஏறாது. சவுக்குக் குச்சியோ சணல் கயிறோ போதும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். நீங்கள் கையால் மாற்றிச் சுற்றிவிட்டால் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடும்.

மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் பக்கம் போகவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30 காலையில் கரையைக் கடந்த தானே புயலைக் கண்டவர்களுக்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை: இலை அடர்ந்த பந்தல் காற்றுக்குப் பாய்மரம். புயல் எச்சரிக்கை வந்தால் கயிற்றை அறுத்துக் கொடியைக் கீழே இறக்குங்கள். கொடி போனால் திரும்ப முளைக்கும். கம்பியும் கூரையும் முளைக்காது.

மூன்று எச்சரிக்கைகள்

விதையைத் தின்னக் கூடாது. சில வகை விதைகளில் மனத்தைக் குழப்பும் நச்சுப்பொருள் உண்டு. கடையில் வாங்கிய விதையில் பூச்சிமருந்தும் பூசியிருக்கலாம். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பக்கத்தில் சர்க்கரைவள்ளி போட்டிருந்தால் கொடியைத் தள்ளி வையுங்கள். கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு இந்தக் கொடியிலும் தங்கி வளரும். இலையில் வட்ட ஓட்டையும், தங்கப்பொட்டு போல மின்னும் சிறு வண்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கையால் பொறுக்கினால் போதும். மிஞ்சினால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து அடியுங்கள்.

மூன்றாவது எச்சரிக்கையை நம் மாவட்டத்து ஊரின் பெயரே சொல்லும். நெய்வேலிக் காட்டாமணக்கு இந்த இனத்துச் செடிதான், பூவும் இதே புனல் வடிவம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து, இன்று ஏரி, வாய்க்கால் எங்கும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. தின்று பழகிய ஆடு நடுங்கிச் சாகும். ஒடிந்த தண்டு ஈரத்தில் விழுந்தால் வேர்விடும் என்பதே அதன் பலம். வீட்டுக் கொடிகளில் பலவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. ஆகவே கழித்த கொடியைக் கெடிலத்திலோ உப்பனாற்றிலோ தெருக்கோடி ஓடையிலோ வீசாதீர்கள். மாடியில் நாலு நாள் காயப்போட்டு, முறித்தால் சடசடவென ஒடியும் பதத்தில் எருக்குழியில் போடுங்கள்.

அதற்குமுன் காய்ந்த காய்களில் பத்து விதையை மட்டும் எடுத்துப் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு, மேலே 'புரட்டாசி' என்று எழுதி வையுங்கள். விதைப் பாக்கெட்டில் இல்லாத குறிப்பு அது ஒன்றுதான்.