பூனையின் தலையீற்று

குளிர்நாடுகளில் பூனை குட்டி போடுவதற்குப் பருவம் உண்டு. பகல் சுருங்கும் மாதங்களில் பெட்டையின் சூலகம் அடங்கிவிடும். பகல் நீளத் தொடங்கியதும் மறுபடி விழித்துக்கொள்ளும். சென்னையை ஒட்டிய நம் பூந்தமல்லியோ நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே மார்கழியின் மிகக் குறுகிய பகல்கூட 11 மணி நேரத்தைத் தாண்டும். போதாததற்குத் தெருவிளக்கும் வீட்டு விளக்கும் வேறு. அதனால் நம் ஊர்ப் பூனை ஆண்டு முழுவதும் சினை பிடிக்கும். ஐப்பசி மழையிலும் குட்டி போடும், அக்கினி நட்சத்திரத்திலும் போடும்.

பெரும்பாலான பெட்டைகள் ஐந்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் பருவமடைகின்றன. நான்காம் மாதத்திலேயே பருவமடைவதும் உண்டு. தீபாவளிக்குக் கையளவு குட்டியாக வந்தது சித்திரையில் வயிறு சரிந்து நிற்பது இப்படித்தான். அந்த வயதில் அதன் எலும்பே முழுதாக முற்றியிருக்காது. தன் உடம்பையும் வளர்த்துக்கொண்டு, வயிற்றில் மூன்று நான்கு உயிரையும் வளர்க்க வேண்டும். நாம் அன்போடு வைக்கும் பால்சோறு அதற்குப் போதவே போதாது.

பூனையின் கருத்தரிப்பு விசித்திரமானது. மாதக் கணக்கில் கருமுட்டை தானாக வெளிவருவது இதற்கு வழக்கமில்லை. கடுவனோடு இணைசேரும் தூண்டுதல் மூளைக்குப் போய், அங்கிருந்து ஹார்மோன் சுரந்து, ஒன்று ஒன்றரை நாளில்தான் முட்டைகள் வெளிவருகின்றன. முட்டை வருவதற்குள் பெட்டை இரண்டு மூன்று கடுவன்களோடு சேர்ந்திருந்தால், ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு அப்பன் வேறு வேறாக இருக்கலாம். மொட்டைமாடிச் சுவர் தாண்டி ஒரே ஓர் இரவு போய்வந்த பூனை சினையாகிவிடுவதில் ஆச்சரியமே இல்லை.

சினைக்காலம் பெரும்பாலும் 63 முதல் 65 நாள். மூன்றாவது வாரத்தில் முலைக்காம்புகள் தடித்து இளஞ்சிவப்பாகும். வீட்டில் கண்டுபிடிக்கக்கூடிய முதல் அடையாளம் இதுதான். வயிறு தெரிய ஐந்து வாரமாவது ஆகும். அழுத்திப் பார்க்காதீர்கள், அதை மருத்துவர் கை பார்க்கட்டும். நான்காம் வாரத்தில் ஸ்கேன் கருவை உறுதிசெய்யும். 45 நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் குட்டிகளின் எலும்பு தெரிவதால் எண்ணிவிடலாம். உள்ளே நான்கு இருப்பது தெரிந்தால், மூன்றாவதோடு பூனை நின்றுவிடும்போது சும்மா இருக்கமாட்டீர்கள் அல்லவா?

இனி சாப்பாடு. பூனை பிறவியிலேயே ஊனுண்ணி. டாரின் என்ற அமினோ அமிலத்தை மனித உடம்பு ஓரளவு செய்துகொள்ளும். பூனையால் தேவைக்கேற்பச் செய்ய முடியாது, இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் எடுத்தாக வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத்தசை தளரும். சினைப்பூனைக்கோ கரு வயிற்றிலேயே கரைந்துபோகலாம், குட்டி செத்துப் பிறக்கலாம். சோற்றில் டாரின் கிடையாது, பாலிலும் மிகக் குறைவு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் லாக்டோஸ் செரிக்காமல் கழிச்சலும் வரும்.

ஆகவே கோழியின் காலிறைச்சி, இதயம், வேகவைத்து முள் நீக்கிய மீன் ஆகியவை தட்டில் முக்கால் பங்காவது இருக்கட்டும். டாரின் தண்ணீரில் கரையும். வேகவைத்த நீரைக் கொட்டிவிடாமல் அதோடு சேர்த்தே வையுங்கள். ஈரல் கொஞ்சம் போதும், தினமும் நிறையக் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கருவுக்கே கெடுதல். மத்தி போன்ற மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால் தயமின் என்ற வைட்டமின் அழிந்துபோகும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச்சோறு கூடவே கூடாது, இரண்டும் பூனையின் இரத்த அணுக்களை உடைக்கும். கையில் காசிருந்தால் இன்னும் எளிய வழி உண்டு: குட்டிப்பூனைக்கென்று விற்கும் உணவை வாங்கி, சினைக்காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் கொடுக்கலாம். வளரும் உடம்புக்கு வேண்டியதைக் கணக்கிட்டுச் செய்தது அது. கடைசி வாரங்களில் வயிற்றில் இடமிருக்காது. சிறிது சிறிதாக நாலைந்து வேளை வையுங்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அது உடம்பின் கால்சியக் கட்டுப்பாட்டைக் குலைத்து, பாலூட்டும்போது வலிப்பில் கொண்டுபோய் விடலாம்.

மருந்து விஷயத்தில் மிகவும் எச்சரிக்கை வேண்டும். மனிதருக்கான பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய் உண்ணிக்கு அடிக்கும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைச் சினைக்காலத்தில் போடுவதில்லை, குட்டியின் சிறுமூளை பாதிக்கப்படலாம்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்வார்கள். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிதான் அந்தப் பயத்தின் காரணம். பூனையின் கழிவில் வரும் அதன் முட்டை தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். கழிவு மண்ணை வேறொருவர் தினமும் அள்ளிவிட்டால் போதும். சினைப்பூனையைத் தெருவில் விடத் தேவையே இல்லை.

குட்டி போட்டதும் பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். கடுவன் வந்து குட்டியைக் கொன்றுவிடும் ஆபத்தும், ஆள் நடமாட்டமும், நாற்றமேறிய படுக்கையும் அதை இடம்பெயர வைக்கின்றன. அதனால் ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு அட்டைப்பெட்டியைத் தயார் செய்யுங்கள். தாய் காலை நீட்டிப் படுக்கும் அகலம், குட்டி உருண்டு வெளியே வராத உயர விளிம்பு, உள்ளே பழைய பருத்திப் புடவை. பரண்மீதோ தண்ணீர்த் தொட்டிக்கடியிலோ வேண்டாம். ஆள் அதிகம் போகாத, மழைச்சாரலும் மதிய வெயிலும் படாத அறை மூலை நல்லது.

ஈனும் நாள் நெருங்கினால் உடல்வெப்பம் 38 பாகைக்குக் கீழே இறங்கும், பூனை சாப்பிடாமல் பெட்டியைப் பிறாண்டும். முக்கத் தொடங்கியபின் குட்டிகள் பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேர இடைவெளியில் வரலாம். வால் பக்கமாக வந்தாலும் பயப்படாதீர்கள், பூனைக்கு அது சகஜம். தாயே பனிக்குடத்தைக் கிழித்து, நக்கி, கொடியைக் கடித்துவிடும். தலையீற்றுப் பூனை திகைத்து நின்றால் ஓரிரு நிமிடத்துக்குமேல் காத்திருக்க வேண்டாம். நீங்களே சவ்வைக் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, துணியால் தேய்த்து மூச்சு வரவையுங்கள். நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. குட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு நஞ்சு வெளியேற வேண்டும். அதைத் தாய் தின்றாலும் கெடுதலில்லை.

அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால், தாய் சோர்ந்து சரிந்தால், சிவப்பு இரத்தம் நிற்காமல் வந்தால் உடனே கிளம்புங்கள். பூந்தமல்லியின் பெயரைத் தாங்கிய நெடுஞ்சாலையிலேயே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போனால் வேப்பேரி. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அங்கே இருக்கின்றன. கோயம்பேடு நெரிசலில் அது நீண்ட பயணம். அருகிலேயே இரவில் அறுவை செய்யும் மருத்துவர் யார் என்பதை ஐம்பதாம் நாளுக்குள் விசாரித்து, எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பிறந்த குட்டி 100 கிராம் அளவில் இருக்கும். முதல் நாளே சீம்பால் குடித்தாக வேண்டும். நோயெதிர்ப்புப் பொருளைக் குடல் உறிஞ்சுவது அந்தச் சில மணி நேரம் மட்டுமே. தினமும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், பத்துப் பதினைந்து கிராம் ஏறவேண்டும். ஏறாத குட்டியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கண் ஒன்றிரண்டு வாரத்தில் திறக்கும்.

பாலூட்டும்போதே தாய் மறுபடி பருவத்துக்கு வந்து சினையாகிவிடலாம். குட்டிகள் பால் மறக்கும்வரை அதை வெளியே விடாதீர்கள். பால் வற்றியதும் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். குட்டிகளைப் பிறருக்குக் கொடுப்பதானால் எட்டு வாரம் முடிந்தபின் கொடுங்கள். பெட்டைக்குட்டியை வாங்குபவரிடம், ஐந்தாம் மாதம் முடிவதற்குள் அதற்கும் அந்த அறுவையைச் செய்யச் சொல்லி அனுப்புங்கள்.