‘சி’ டிரைவும் ஒரு தொலைக்காட்சித் தொடரும்

விண்டோஸ் கணினியில் ‘சி’ டிரைவ் இருக்கிறது. ‘ஏ’, ‘பி’ எங்கே போயின? படிவம் 4 மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. அவை அந்தக் கால பிளாப்பி வட்டுகளுக்கு உரியவை. தனிநபர் கணினிகளில் இந்த எழுத்துமுறையைப் பரப்பியது, 1974இல் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் இயங்குதளம்.

கில்டாலைத் திரையில் பார்க்கலாம். ‘கம்ப்யூட்டர் கிரானிக்கல்ஸ்’ என்ற அரைமணி நேர நிகழ்ச்சி, 1981இல் கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரியின் ஒளிவழியில் தொடங்கியது. 1983இல் அமெரிக்கா முழுவதற்கும் விரிந்து, 2002 வரை ஒளியேறியது. படைப்பாளர் ஸ்டூவர்ட் செய்ஃபெட். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் 1983 முதல் பல ஆண்டுகள் கில்டால்.

அந்த நாற்காலிக்கு ஒரு முன்கதை உண்டு. 1980இல் ஐபிஎம் தனது புதிய கணினிக்கு இயங்குதளம் தேடி கில்டாலின் நிறுவனத்தை நாடியது, உடன்பாடு ஏற்படவில்லை. மைக்ரோசாஃப்ட், சிபி/எம்மை ஒத்த வேறொரு மென்பொருளை வாங்கி ‘டாஸ்’ ஆக்கிக் கொடுத்தது. சந்தையே அதன் பக்கம் சாய்ந்தது. டிரைவ் எழுத்துகளும் அப்படியே அங்கு இடம் மாறின.

இத்தனைக்கும் பிறகு, டாஸில் ஓடும் மென்பொருள்களுடன் வருவோரிடம் கில்டால் அமைதியாகக் கேள்வி கேட்கிறார். கசப்பு எதையும் நான் பார்க்கவில்லை. விற்பனைப் பேச்சு நீண்டால், “உள்ளே எப்படி வேலை செய்கிறது?” என்ற பக்கம் உரையாடலைத் திருப்புவார். நிகழ்ச்சியின் உயிரே அங்குதான் என்பேன்.

கில்டால் 1994இல், 52 வயதில் காலமானார். மறு ஆண்டு, அவருக்காகவே ஒரு பாகம் ஒளியேறியது. அது உட்பட நூற்றுக்கணக்கான பாகங்கள் ‘இண்டர்நெட் ஆர்க்கைவ்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.