பல் மருத்துவரின் தொடர்கல்வி

பல் மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் முப்பது, நாற்பது ஆண்டுகள் தொழில் செய்யக்கூடும் என்றாலும், கல்லூரியில் அவர் கற்றவை அத்தனை காலமும் மாறாமல் இருப்பதில்லை. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டளவில் படித்து முடித்தவர், இதய வால்வுக் கோளாறு உள்ளவருக்குப் பல் பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக 3 கிராம் அமாக்சிசிலின் கொடுக்க வேண்டும் என்று கற்றிருப்பார். வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து இதயத்தின் உட்சவ்வைத் தாக்காதிருக்கவே அந்த முன்னெச்சரிக்கை. சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் ‘நைஸ்’ என்னும் அந்நாட்டு அமைப்பு 2008இல் அவ்வழக்கம் வேண்டாம் என்றது. 2016இல் அதையும் சற்றுத் தளர்த்தி, ஆபத்து மிகுந்த சிலரைப் பொறுத்துத் தனியே முடிவெடுக்க இடமளித்தது. இவ்விரு திருத்தங்களையும் அறியாத மருத்துவர், நல்லெண்ணத்தோடேயே தவறான சீட்டு எழுதுவார்.

ஆகவேதான், பல் மருத்துவர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் ஜெனரல் டென்டல் கவுன்சில், தொடர்கல்வியைப் பதிவில் நீடிப்பதற்கான நிபந்தனையாக்கியுள்ளது. முன்பு ஐந்தாண்டுக்கு 250 மணி நேரம் கேட்கப்பட்டது; அதில் 75 மணிக்கு மட்டுமே சான்று தேவை, எஞ்சியது இதழ்களை வாசிப்பது போன்ற சொந்தப் படிப்பாக இருக்கலாம். 2018 முதல் மொத்தம் 100 மணி, அத்தனைக்கும் சான்று என்று விதி மாறியது. ஐந்தாம் ஆண்டில் அவசர அவசரமாகக் கணக்கை நிரப்பும் பழக்கத்துக்கு இடம் தராதபடி, அடுத்தடுத்த எந்த இரண்டு ஆண்டிலும் குறைந்தது 10 மணி கற்றிருக்க வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது.

எனினும் மணிக்கணக்கு மட்டும் அறிவைத் தந்துவிடாது. பல் பதியம் வைப்பதில் தேர்ந்தவர் மீண்டும் பதியம் பற்றிய வகுப்புக்கே செல்வதும், தமக்குப் பழக்கமற்ற துறையைத் தவிர்ப்பதும் மனித இயல்பு. தம் குறைபாடு எது என்று முதலில் எழுதி, அதற்கேற்பப் பாடத்தைத் தேர்ந்து, கற்றபின் தம் தொழிலில் மாறியது என்ன என்று குறித்துவைக்கச் சொல்லும் புதிய ஏற்பாடு, மணி எண்ணிக்கையைவிட மதிப்புடையது.

கவுன்சில் பரிந்துரைக்கும் பாடங்களுள் அவசரநிலைச் சிகிச்சை முதன்மையானது. ஆண்டுக்கு 2 மணியேனும் அதற்கு ஒதுக்கப்பட வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டபின், அல்லது கையுறையின் இரப்பர் பட்டதனால், கடும் ஒவ்வாமை ஏற்பட்டு நாற்காலியிலேயே ஒருவர் மூச்சுத் திணறினால், 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் தாமதமின்றிச் செலுத்த வேண்டும். மருந்து எந்த அலமாரியில் உள்ளது, ஆக்சிஜன் உருளையைத் திறப்பவர் யார், ஆம்புலன்சை அழைப்பவர் யார் என்பவை, புத்தகத்தில் படித்தால் மட்டும் கைக்கு வருவதில்லை. மருத்துவமனையினர் அனைவரும் சேர்ந்து ஒத்திகை பார்த்தால்தான் வரும். பல் மருத்துவருக்கு உதவும் செவிலியரும் ஐந்தாண்டில் 50 மணி கற்றாக வேண்டும் என்ற விதி, இந்த வகையில் மிகவும் பொருத்தமானது.