முகாமில் பிறந்தவர் இந்தியரா, இலங்கையரா? பிறந்த தேதியில் சிக்கியிருக்கும் குடியுரிமை - முழு விளக்கம்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில், எட்டயபுரம் வட்டாரத்தில் இருக்கிறது தாப்பாத்தி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். தூத்துக்குடி மாவட்டத்தில் மாப்பிள்ளையூரணியிலும் குளத்துள்வாய்பட்டியிலும் இப்படி முகாம்கள் உண்டு.

இந்த மாதிரி முகாம்களில் பிறந்து, இங்கேயே படித்து, கல்யாணமும் முடித்தவர்கள் ஏராளம். ஆனால் அவர்களில் பெரும்பாலானோருக்கு ஓட்டு இல்லை, இந்தியப் பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலையும் எட்டாக்கனிதான். ஏன் இந்த நிலை?

எத்தனை பேர் இருக்கிறார்கள்?

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு சுமார் 3 லட்சம் பேர் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தனர். பலர் திரும்பிவிட்டனர். 2021-ல் தமிழக அரசு தந்த கணக்குப்படி, முகாம்களில் 58 ஆயிரத்துக்கும் அதிகமானோர். போலீசில் பதிவு செய்து வெளியே வசிப்பவர்கள் சுமார் 34 ஆயிரம் பேர்.

1987 ஜூலை 1 ஏன் முக்கியம்?

சுருக்கமா சொன்னா, இந்தியாவில் பிறந்த எல்லாரும் இந்தியர் இல்லை. எப்போது பிறந்தார் என்பதுதான் கேள்வி.

* 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன்.
* 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்திருந்தால், தாய் அல்லது தந்தை இந்தியராக இருக்க வேண்டும்.
* அதற்குப் பிறகு பிறந்திருந்தால், இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இதன்படி ஒரே முகாமில், ஒரே பெற்றோருக்கு 1986-ல் பிறந்த அக்கா இந்தியர். 1989-ல் பிறந்த தம்பி வெளிநாட்டவர்!

மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் 2022-ல் பாஸ்போர்ட் உத்தரவு பெற்றார். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசிக்கும் அவர், 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார்.

விண்ணப்பித்தால் கிடைக்காதா?

அங்கேதான் முட்டுக்கட்டை. உரிய பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. 2003-ல் நிறைவேறிய சட்டத்திருத்தம், இவர்கள் பதிவு மூலமாகவோ இயல்புரிமை மூலமாகவோ குடியுரிமை கேட்க முடியாது என்கிறது. குண்டுக்குப் பயந்து படகேறியவர் பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவார்? இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதால், 'அகதி' என்ற தனி அந்தஸ்தும் சட்டத்தில் கிடையாது.

மலையகத் தமிழர் கதை வேறு

மழை பொய்த்த காலங்களில் பழைய திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டங்களில் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். தட்டப்பாறை, மண்டபம் முகாம்கள் வழியாக ஏழை ஜனங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களின் சந்ததியை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் போரால் 1984-ல் தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு உரிமை இருந்த சிலரும் அகதிகளாகவே வந்து சேர்ந்தனர். இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகப் பார்க்கக் கூடாது, விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் மதுரைக் கிளை கூறியது.

மற்ற பக்கத்து நாட்டவருக்கு எப்படி?

நேபாளிகள் 1950 ஒப்பந்தப்படி இங்கே வசிக்கலாம், தொழில் செய்யலாம். திபெத்தியர்களுக்கு 2014 முதல் தனி மறுவாழ்வுக் கொள்கை உள்ளது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தினருக்கு 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் வழி திறந்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

2025-ல் என்ன மாறியது?

2015 ஜனவரி 9-க்குள் தஞ்சமடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான நடவடிக்கையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. பயம் குறைந்தது, ஆனா இது குடியுரிமை ஆகாது.

மாநில அரசால் முடியாதா?

குடியுரிமை மத்திய அரசின் அதிகாரம். வீடு, உதவித்தொகை, படிப்புச் செலவு ஆகியவற்றை மாநிலம் தரலாம். 2021-ல் ரூ.317.40 கோடி திட்டங்களையும் 7,469 புதிய வீடுகளையும் தமிழக அரசு அறிவித்தது.

இலங்கைக்கே போகலாமே?

விருப்பப்பட்டால் போகலாம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமானால், பிறப்பை அந்நாட்டுத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாதவர் இரண்டு நாட்டுக் கணக்கிலும் வராமல் போகக்கூடும். பார்த்தே இராத ஊருக்கு, நிலமோ வீடோ இல்லாமல் எப்படிப் போவது என்பதுதான் கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்த தலைமுறையின் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் டெல்லி.